பண்பு, பண்பு, பண்பு: ரியாக்ட் 19 கையேட்டுக்கு ஒரு சொல் வேண்டும் (வெள்ளி மதியத்துக்குள்)

அனுப்புநர்: நிரலன்
செவ்வாய், இரவு 9.40

அனைவருக்கும் வணக்கம்.

சனிக்கிழமை ஒரு கல்லூரியில் ரியாக்ட் 19 (வலைப்பக்கங்களைக் கட்ட உதவும் ஜாவாஸ்கிரிப்ட் நிரலகம்) பற்றி ஒருநாள் பயிலரங்கு. கையேட்டைத் தமிழிலேயே தருகிறேன் என்று வாய்விட்டுவிட்டேன். வெள்ளி மதியம் அச்சகத்துக்குப் போக வேண்டும். 32 பக்கத்தில் 31 முடிந்தது. மிச்சமுள்ள ஒரு பக்கம் மூன்று நாளாக என்னை உட்கார வைத்திருக்கிறது.

விஷயம் இதுதான். கஸ்டம் எலிமென்ட் என்பது உலாவியே தரும் வலைத்தரம். நாமே ஓர் ஒட்டுக்கு (எச்டிஎம்எல் டேக்) பெயர் சூட்டி (பெயருக்குள் ஓர் இடைக்கோடு கட்டாயம்) அது எப்படி நடக்க வேண்டும் என்றும் எழுதிக்கொள்ளலாம். குரோம் 2016லேயே ஏற்றது, ஃபயர்பாக்ஸ் 2018இல் வந்து சேர்ந்தது. ரியாக்ட் குழுவில் 2017லிருந்து இதைப் பற்றிப் பேச்சு இருந்தாலும், முழு ஆதரவு 2024 டிசம்பரில் வந்த பதிப்பு 19இல்தான் கிடைத்தது.

முன்பெல்லாம் கஸ்டம் எலிமென்ட்டுக்கு எதைக் கொடுத்தாலும் ரியாக்ட் அதை ஆட்ரிபியூட்டாகவே எழுதிவைக்கும். ஆட்ரிபியூட் என்றால் வெறும் எழுத்துச் சரம். ஆகவே ஓர் ஆப்ஜெக்டை (பல மதிப்புகளை ஒன்றாகக் கட்டிய பொதி) கொடுத்தால் உள்ளே இருந்ததெல்லாம் போய் 'ஆப்ஜெக்ட் ஆப்ஜெக்ட்' என்ற இரண்டு சொல் மட்டும் நிற்கும். இப்போது, அந்த உறுப்பில் (எலிமென்ட்) அதே பெயரில் ப்ராப்பர்ட்டி (உலாவியின் நினைவில் உறுப்போடேயே இருக்கும் மதிப்பு) இருக்கிறதா என்று பார்க்கிறது. இருந்தால் அதில் வைக்கிறது, இல்லாவிட்டால் ஆட்ரிபியூட்டாக எழுதுகிறது.

நாம் தரும் ப்ராப்ஸ், உறுப்பின் ப்ராப்பர்ட்டி, ஆட்ரிபியூட் மூன்றுக்கும் 'பண்பு' என்றே போட்டதில் என் வரைவு இப்படி வந்தது: "தரப்பட்ட பண்பு உறுப்பின் பண்போடு பொருந்தினால் பண்பாகவும், பொருந்தாவிட்டால் பண்பாகவும் வைக்கப்படும்."

மனைவி வாசித்துவிட்டு, "எப்படியும் பண்பாத்தான் வைக்கும்னா அதுக்கு எதுக்கு புதுப் பதிப்பு?" என்று கேட்டார். காப்பாற்றுங்கள்.

அனுப்புநர்: சாக்பீஸ்
செவ்வாய், இரவு 10.15

இதில் காப்பாற்ற என்ன இருக்கிறது? மேல்நிலைப் பாடநூலில் டேக் என்பதற்கு ஒட்டு, ஆட்ரிபியூட்டுக்குப் பண்புக்கூறு. பிள்ளைகள் அதைத்தான் எழுதித் தேர்ச்சி பெற்றிருக்கிறார்கள். ப்ராப்பர்ட்டிக்குப் பண்பு என்று வையுங்கள். இழையை மூடலாம்.

அனுப்புநர்: திண்ணைவாசி
புதன், காலை 5.30

இழையை மூடுவதில் ஆசிரியருக்கு இருக்கும் அவசரம் அடியேனுக்கு இல்லை.

பண்புக்கூறு என்றால் பண்பின் ஒரு கூறு, அதாவது பகுதி. ஆட்ரிபியூட் ப்ராப்பர்ட்டியின் பகுதியா? நிரலன் தம்பி எழுதியதைப் பார்த்தால் இரண்டும் வெவ்வேறு இடத்தில் இருக்கும் வெவ்வேறு சரக்கு. அப்புறம், ரியாக்ட்டில் பக்கத்தைக் கட்டும் துண்டான காம்பொனென்ட்டுக்கும் 'கூறு' என்றுதானே எழுதுகிறீர்கள்? "கூறின் பண்புக்கூறு" என்று ஒரு பக்கம் எழுதிப் பாருங்கள், நாக்கு சுளுக்கிக்கொள்ளும்.

நம்மிடம் இதற்கு வழி இருக்கிறது. ஆறாம் வேற்றுமையின் கிழமைப் பொருளை நன்னூலார் தற்கிழமை, பிறிதின்கிழமை என்று இரண்டாகப் பிரிக்கிறார். சாத்தனது கை என்றால் தற்கிழமை, அவனை விட்டுப் பிரியாது. சாத்தனது வீடு பிறிதின்கிழமை, நாளைக்கே கை மாறலாம். தற்கிழமையின் ஐந்து வகையில் அவர் முதலில் வைப்பது எது தெரியுமா? பண்பு! "பண்புறுப் பொன்றன் கூட்டம்" என்றுதான் அடியே போகிறது. ஆகவே பொருளோடு ஒட்டிப் பிறந்த ப்ராப்பர்ட்டி மட்டுமே பண்பு. வெளியே இருந்து ஒருவர் எழுதி ஒட்டிய ஆட்ரிபியூட்டுக்குப் பண்பு என்ற சொல்லே ஆகாது.

அதற்கு 'அடை' என்று வைக்கலாம். அடைமொழி என்பதில் உள்ள அடை. நன்னூலின் பொதுவியலில் இனமுள்ள அடை, இனமில்லா அடை என்று இரண்டு வருகின்றன. வெண்டாமரையும் இருப்பதால் செந்தாமரையில் உள்ள செம்மை இனமுள்ள அடை. செஞ்ஞாயிற்றுக்கு அந்த வேலை இல்லை, வேறு நிற ஞாயிறு ஏது? உங்கள் எச்டிஎம்எல்லிலும் 'டேட்டா-' என்று தொடங்கும் ஆட்ரிபியூட்டுகளுக்கு நேர் ப்ராப்பர்ட்டி கிடையாது என்று மகன் சொன்னான். அவற்றை இனமில்லா அடை என்று...

(மீதி மாலை.)

அனுப்புநர்: மிக்ஸர்
புதன், காலை 9.05

ஐயா, அடைக்கு அவியல் உண்டா?

கிண்டல் இல்லை. "ஒட்டை அடை" என்று எழுதினால் மாணவன் ஒட்டை மூடுவான். "அடையை அடை" என்று எழுதினால் கையேட்டை மூடுவான். தேடுபொறியில் 'அடை' என்று போட்டால் என்ன வரும் என்று பாருங்கள், நாலு பருப்பும் ஊறவைத்த கிண்ணமும்தான். ஆட்ரிபியூட், ப்ராப்பர்ட்டி என்றே எழுதிவிட்டுப் போகலாம். பஸ்ஸில் ஏறித்தானே எல்லோரும் பயிலரங்குக்கு வருகிறோம்?

அனுப்புநர்: கொக்குவிலான்
புதன், காலை 11.20

திண்ணைவாசி ஐயாவின் தற்கிழமை விளக்கம் வடிவாக இருக்கிறது. ஆனால் ஒரு ஐமிச்சம். இன்புட் உறுப்பின் (பயனர் தட்டச்சும் பெட்டி) வேல்யூவை எடுங்கோ. ஆட்ரிபியூட்டில் 'யாழ்' என்று எழுதியிருக்கிறது. பயனர் அழித்துவிட்டு 'மட்டு' என்று தட்டுகிறார். ப்ராப்பர்ட்டி 'மட்டு' ஆகிவிடும், ஆட்ரிபியூட் 'யாழ்' என்றே கிடக்கும். மாறாமல் நிற்பது எது, மாறுவது எது? ஐயாவின் கணக்கில் கை மாறாது, வீடுதான் மாறும். இங்கே தலைகீழ்.

இன்னொன்று. ஐடி போன்றவற்றில் ஒன்றை மாற்றினால் மற்றதும் கூடவே மாறும். கிளாஸ் என்ற ஆட்ரிபியூட்டுக்கு ப்ராப்பர்ட்டியின் பெயர் கிளாஸ்நேம். ஆகவே இந்த இரண்டுக்கும் உள்ள உறவு ஒரே மாதிரி இல்லை.

எங்கட பக்கத்தில் சட்டத் தமிழில் ப்ராப்பர்ட்டி என்றால் ஆதனம். சும்மா சொல்லி வைக்கிறேன்.

அனுப்புநர்: முல்லைக்கொடி
புதன், பிற்பகல் 2.10

நிரலன் கேட்ட மூன்று பண்பில் ஒன்றை எல்லோரும் மறந்துவிட்டீர்கள்: ப்ராப்ஸ். தாய்க்கூறு பிள்ளைக்கூறுக்குக் கொடுத்து அனுப்புவது. என் பரிந்துரை: சீர்.

பிறந்த வீட்டிலிருந்து வருவது. பெட்டியில் என்ன இருக்கிறது என்று பிள்ளை பார்க்கலாம், பயன்படுத்தலாம், மாற்ற முடியாது. ப்ராப்ஸின் இலக்கணமும் அதுதான். "சீரில் வந்ததை உறுப்பின் பண்பாக வை" என்று எழுதினால் யாருக்குக் குழப்பம்?

அனுப்புநர்: மிக்ஸர்
புதன், பிற்பகல் 2.25

பொண்ணு வீட்டுக்காரர்களை இன்னும் எத்தனை இடத்தில் செலவழிக்க வைப்பீர்கள்?

அனுப்புநர்: திண்ணைவாசி
புதன், மாலை 6.00

சீர் என்பது அசைக்கும் தளைக்கும் நடுவே இருப்பது. அதை ஏற்கெனவே யாப்பு எடுத்துக்கொண்டது. ஆயினும் முல்லைக்கொடி அம்மாவின் சொல்லில் உயிர் இருக்கிறது என்று ஒப்புக்கொள்கிறேன்.

கொக்குவிலாருக்கு: பிறிதின்கிழமை என்பது 'மாறுவது' என்ற பொருளில் அல்ல, 'வேறானது' என்ற பொருளில். சாத்தன் மெலிந்தால் கையும் மெலியும், அது அவனோடேயே மாறும். வீட்டுச் சுவரில் எழுதிய அவன் பெயர் அப்படியே இருக்கும். உங்கள் இன்புட் எடுத்துக்காட்டு என் கட்சிக்குத்தான் சாட்சி.

அவியல்காரருக்காக அடையைக் கைவிடுகிறேன். மாற்றாக 'பொறிப்பு'. கல்லில் பொறிப்பது போல மூலத்தில் பொறித்தது. பொறி என்பதற்கு எழுத்து, இயந்திரம், தீப்பொறி, ஐம்பொறி, எலிப்பொறி என்று ஐந்தாறு பொருள் உண்டு. ஒவ்வொன்றையும் தனித்தனியே பார்ப்போமானால்...

அனுப்புநர்: நிரலன்
புதன், இரவு 8.50

ஐயா, எலிப்பொறிக்கு முன்னால் நிறுத்திக்கொள்ளலாமா? நாளை மறுநாள் அச்சு.

பொறிப்பு எனக்குப் பிடித்திருக்கிறது, ஆட்ரிபியூட் எப்போதும் எழுத்துச் சரம்தான் என்பதை அந்தச் சொல்லே சொல்லிவிடுகிறது. சர்வரில் நடப்பதை விளக்கவும் அது உதவும். அங்கே உயிருள்ள உறுப்பு கிடையாது, எழுத்தாக எச்டிஎம்எல் மட்டும்தான் போகிறது. ஆகவே சரம், எண், 'ட்ரூ' இவை மட்டும் ஆட்ரிபியூட்டாக எழுதப்படும். ஆப்ஜெக்ட், ஃபங்ஷன், 'ஃபால்ஸ்' எல்லாம் விடுபட்டுப் போகும். "பொறிக்க முடிந்ததைப் பொறிக்கும், முடியாததை விட்டுவிடும்." வாக்கியம் தானாக வருகிறது.

ஆனால் அந்தச் சொல்லை இந்த இழைக்கு வெளியே ஒருவரும் கேள்விப்பட்டதில்லை.

அனுப்புநர்: சாக்பீஸ்
வியாழன், மாலை 4.45

இன்று கடைசிப் பாடவேளையில் பிள்ளைகளிடமே கேட்டுவிட்டேன். பொறிப்பு என்றதும் அப்பளம் என்றார்கள். அது 'ரி' என்று சொல்லிச் சொல்லி ஓய்ந்தேன்.

ஆட்ரிபியூட்டுக்கும் ப்ராப்பர்ட்டிக்கும் என்ன வேறுபாடு என்று கரும்பலகையில் இன்புட் எடுத்துக்காட்டைப் போட்டேன். பின் வரிசையில் ஒருவன், நிலத் தரகர் மகன், எழுந்து சொன்னான்: "சார், பத்திரத்துல எழுதியிருக்கிறது ஆட்ரிபியூட். போய்ப் பார்த்தா இருக்கிற இடம் ப்ராப்பர்ட்டி. பத்திரத்துல அஞ்சு சென்ட்டுன்னு இருக்கும், பக்கத்து வீட்டுக்காரன் சுவரைத் தள்ளிக் கட்டியிருப்பான்."

இருபத்து மூன்று ஆண்டாக வகுப்பு எடுக்கிறேன். இதைவிடத் தெளிவாக நான் சொன்னதில்லை.

அனுப்புநர்: கொக்குவிலான்
வியாழன், மாலை 5.10

பெடியனுக்கு ஒரு பாராட்டுச் சொல்லுங்கோ. நாங்கள் காணிப் பத்திரத்தை 'உறுதி' என்போம். காணி, உறுதி. ப்ராப்பர்ட்டி, ஆட்ரிபியூட். எவ்வளவு பொருத்தம் பாருங்கோ!

அனுப்புநர்: மிக்ஸர்
வியாழன், மாலை 5.30

இங்கே உறுதி என்றால் சத்தியம். ஜாவாஸ்கிரிப்டில் ஏற்கெனவே 'ப்ராமிஸ்' என்று ஒன்று உட்கார்ந்திருக்கிறது. அதை எங்கே குடிவைப்பது?

அனுப்புநர்: முல்லைக்கொடி
வியாழன், இரவு 7.15

சீர் பற்றி ஒருவரும் முடிவு சொல்லவில்லை.

அனுப்புநர்: நிரலன்
வெள்ளி, காலை 10.30

அச்சகத்திலிருந்து இரண்டு முறை போன் வந்துவிட்டது. கை தூக்கியவர்களை எண்ணினேன். பண்புக்கூறுக்கு நான்கு பேர், பொறிப்புக்கு இரண்டு (ஐயாவும் நானும்), ஒலிபெயர்ப்பே போதும் என்று ஒருவர். பாடநூலில் படித்துவிட்டு வருகிற பிள்ளைகளை ஒரே நாளில் குழப்ப எனக்கு மனம் வரவில்லை. அதனால் ஆட்ரிபியூட்டுக்குப் பண்புக்கூறு, ப்ராப்பர்ட்டிக்குப் பண்பு, ப்ராப்ஸ் ப்ராப்ஸாகவே. காம்பொனென்ட்டை எல்லாப் பக்கத்திலும் 'பாகம்' என்று மாற்றிவிட்டேன், ஐயாவின் நாக்கு சுளுக்கக் கூடாது அல்லவா.

அந்தப் பக்கம் இப்படிப் போகிறது: "கஸ்டம் எலிமென்ட்டுக்குத் தரும் ஒவ்வொரு ப்ராப்ஸுக்கும், அதே பெயரில் உறுப்பில் பண்பு இருக்கிறதா என்று ரியாக்ட் பார்க்கும். இருந்தால் மதிப்பை அந்தப் பண்பில் வைக்கும். இல்லாவிட்டால் பண்புக்கூறாக எழுதும்." கீழே ஒரு பெட்டியில் பத்திரமும் ஐந்து சென்ட்டும். சாக்பீஸ் சார் அனுமதியோடு.

மனைவி வாசித்துவிட்டு, "பெட்டி மட்டும் புரியுது" என்றார்.

அனுப்புநர்: திண்ணைவாசி
வெள்ளி, காலை 10.50

கூறு என்றால் பகுதி. ஆட்ரிபியூட் ப்ராப்பர்ட்டியின் பகுதி அன்று. பெரும்பான்மை எண்ணிக்கையால் நன்னூல் மாறாது. என் மறுப்பைப் பதிவு செய்துகொள்ளவும்.

எலிப்பொறி பற்றிய குறிப்பு தயாராக இருக்கிறது. தனி இழையாக அனுப்புகிறேன்.

அனுப்புநர்: சாக்பீஸ்
வெள்ளி, பிற்பகல் 1.20

அச்சுக்குப் போய்விட்டதா? நான்காம் பக்கத்தில் 'ஸ்லாட்'டுக்கு ஒரு இடத்தில் 'பொருத்திடம்' என்றும் இன்னொரு இடத்தில் 'செருகிடம்' என்றும் இருக்கிறது.