தெர்மோஸ்டாட்டுக்குச் 'சூட்டுமதகு' சரிவருமா?

அன்புள்ள நண்பர்களே,

கார் எஞ்சின் சூடேறும்வரை அதன் தண்ணீரை, ஆற்றும் பகுதியான ரேடியேட்டருக்கு விடாமல் தடுத்து வைக்கும் சிறு பொருள் தெர்மோஸ்டாட். அதற்குத் தமிழில் 'வெப்பநிலைநிறுத்தி', 'வெப்ப ஓரதர்' என்று இரண்டு சொற்கள் நம் குழுவில் முன்வைக்கப்பட்டுள்ளன. இரண்டிலும் எனக்குத் தயக்கம் இருக்கிறது. என் காருக்கு வந்த கோளாறோடு சேர்த்துச் சொன்னால்தான் காரணம் விளங்கும்.

நான் இருப்பது குன்னூரில். வண்டி 1996இல் வாங்கிய கார்ப்புரேட்டர் கார். போன மார்கழியில் காலையில் கிளம்பினால் நாலைந்து கிலோமீட்டர் ஓடியும் சூடு காட்டும் முள் அடியிலேயே கிடந்தது. குளிர்ந்த எஞ்சினுக்குப் பெட்ரோல் கலவையைக் கெட்டியாக்க இழுத்து வைக்கும் சோக்கை உள்ளே தள்ளினால் எஞ்சின் இருமும். தப்பித்தவறி ஏறிய முள்ளும் மேட்டுப்பாளையம் இறக்கத்தில் மறுபடி விழுந்துவிடும். பெட்ரோல் செலவும் கூடியது. ஆயில் மூடியைத் திறந்தால் உள்பக்கம் வெண்ணெய் போல ஒரு பிசுக்கு. எஞ்சின் போதுமான அளவு சூடாகாததால், உள்ளே படிந்த ஈரம் ஆவியாகிப் போகாமல் ஆயிலோடு கலந்திருக்கிறது.

கோளாறு தெர்மோஸ்டாட்டில்தானா என்று கண்டுபிடிக்கக் கருவி எதுவும் வேண்டாம், கை போதும். ராத்திரி முழுக்க ஆறிய எஞ்சினை ஸ்டார்ட் செய்துவிட்டு, விசிறியில் கை படாமல், ரேடியேட்டருக்குப் போகும் மேல் ஹோஸைத் தொட்டுக்கொண்டே இருக்க வேண்டும். எல்லாம் சரியாக இருந்தால் அது பல நிமிடம் சில்லென்றே இருந்துவிட்டு, எஞ்சின் சூடேறியதும் சட்டென்று சுடும். என் காரிலோ ஆரம்பத்திலிருந்தே கொஞ்சம் கொஞ்சமாக வெதுவெதுப்பு ஏறியது. தண்ணீர் முதலிலிருந்தே ரேடியேட்டருக்குப் போய் ஆறிக்கொண்டிருந்தது என்று அர்த்தம். தெர்மோஸ்டாட் இருக்க வேண்டிய கூட்டைக் கழற்றினால் உள்ளே அதுவே இல்லை. எப்போதோ சமவெளியில் ஒரு பட்டறையில் "நம்ம ஊர் வெயிலுக்கு இது எதுக்கு" என்று எடுத்துப் போட்டிருக்கிறார்கள். வெயில் ஊரிலும் இது தவறு. எஞ்சின் ஆறியே ஓடினால் தேய்மானம் அதிகம். சில எஞ்சின்களில் இதை எடுத்துவிட்டால் தண்ணீரில் ஒரு பங்கு ரேடியேட்டர் பக்கமே போகாமல் சுற்றிவந்து, மேட்டில் ஏறும்போது கொதித்தும் போகும்.

புதிதாக வாங்கியதை மாட்டுவதற்கு முன் அடுப்பில் தண்ணீர் வைத்து அதில் போட்டுப் பார்த்தேன். சிறிய குப்பிக்குள் மெழுகு இருக்கிறது. உடம்பில் 82 என்று பொறித்திருந்தது, அது திறக்கும் சூடு, டிகிரி செல்சியஸில். சில வண்டிகளுக்கு 88 வரும். அந்தச் சூடு வந்ததும் மெழுகு உருகி விரிந்து, ஸ்பிரிங்கை அமுக்கிக்கொண்டு தட்டைத் திறக்கிறது. ஆறினால் ஸ்பிரிங் மூடிவிடுகிறது. அடுப்படியில் நின்று அதைப் பார்த்தபோதுதான் மதகு என்ற சொல் மனதில் வந்தது.

1830இல் ஸ்காட்லாந்து வேதியியலாளர் ஆண்ட்ரூ யூர் 'தெர்மோஸ்டாட்' என்று பெயரிட்டது இரட்டை உலோகப் பட்டை சூட்டில் வளைவதை வைத்துச் செய்த கருவிக்கு. இஸ்திரிப் பெட்டியில் மின்சாரத்தை வெட்டிவிடுவது அந்த வகைதான். அதற்கு 'வெப்பநிலைநிறுத்தி' நன்றாகவே பொருந்தும். காரில் இருப்பது தண்ணீரைத் திறந்துவிடும் கதவு. ஆங்கிலம் இரண்டையும் ஒரே பெயரால் அழைக்கிறது என்பதற்காக நாமும் அப்படியே அழைக்க வேண்டியதில்லை. 'ஓரதர்' என்றால் ஒருவழிப் பாதை. இதன் வேலையோ திசையைத் தடுப்பதில்லை, நேரம் பார்த்துத் திறப்பது. ஆகவே அதுவும் ஒட்டவில்லை.

என் பரிந்துரை 'சூட்டுமதகு'. சூட்டுக்கோல் என்ற சொல் ஏற்கெனவே இருப்பதால் புணர்ச்சி காதுக்குப் புதிதில்லை. 'வெப்பமதகு' என்றால் வெப்பம் பாயும் மதகு என்று தோன்றுவதால் அதைத் தவிர்த்தேன். கோளாறுகளையும் இந்தச் சொல் தானாகவே விளக்கிவிடுகிறது. மதகு திறந்தே கிடந்தால் எஞ்சின் சூடேறாது, மூடியே கிடந்தால் கொதிக்கும். கண்மாயை அறிந்தவருக்கு இதற்கு மேல் சொல்ல வேண்டியதில்லை. இப்போது வண்டி பார்க்கும் மெக்கானிக்கிடம் சொல்லிப் பார்த்தேன். "அப்போ மதகு இல்லாமலே ஓட்டியிருக்கீங்க" என்றார். ஒரே தடவையில் பிடித்துக்கொண்டார்.

மதகு பெரிய ஏரிக்கு உரியது, கைக்குள் அடங்கும் பொருளுக்கு அது கனம் என்று ஐயா ஒருவர் தனிமடலில் எழுதியிருந்தார். நியாயமான கேள்விதான். பாண்டி நாட்டுக் கண்மாய்களின் குமிழித்தூம்பில் துளையை அடைத்த கல்லை மேலே தூக்கித் தண்ணீர் விடுவார்கள். தட்டு எழும்பித் திறக்கும் இந்தப் பொருளுக்கு அது இன்னும் நெருக்கம். ஆனால் 'சூட்டுக்குமிழி' என்றால் கொப்புளம் என்றல்லவா நினைப்பார்கள்? 'சூட்டுத்தூம்பு' எப்படி இருக்கிறது என்று சொல்லுங்கள். அதுவும் சரிவராவிட்டால் நான் மதகிலேயே நிற்கிறேன்.