ஸ்பேஸ் ராக் ஆரம்பிச்சது பிங்க் ஃப்ளாய்டா, ஹாக்விண்டா?

ரெக்கார்ட்பெட்டி:
விண்வெளி உணர்வு தர்ற ராக் இசையத்தான் ஸ்பேஸ் ராக்னு சொல்றோம். போன வாரம் வேற ஒரு திரியில ஒருத்தர் "ஸ்பேஸ் ராக்னா பிங்க் ஃப்ளாய்ட், அவ்ளோதான்"னு ஒரே வரியில முடிச்சிட்டுப் போயிட்டாரு. அது இன்னும் எனக்கு உறுத்திக்கிட்டே இருக்கு. 1967ல வந்த அந்த இங்கிலாந்து பேண்டோட முதல் ஆல்பம் பெரிய விஷயம்தான், யார் இல்லன்னா? ஆனா அதுல இருக்குற ரெண்டு பாட்ட வச்சு மொத்த வகையையும் அவங்க பேருக்குப் பட்டா எழுதிடலாமா? 1969ல லண்டன் லேட்ப்ரோக் குரோவ்ல கிளம்பின ஹாக்விண்ட்ங்கிற பேண்ட்தான் இத ஒரு தனி இசையாவே ஆக்கினாங்கன்னு நான் சொல்றேன்.

சிட்ரசிகன்:
அந்த ரெண்டு பாட்டு என்னென்னன்னு பாருங்க. அஸ்ட்ரானமி டாமினே ஆரம்பிக்கும்போதே மேனேஜர் பீட்டர் ஜென்னர் மெகாஃபோன்ல கிரகம் நட்சத்திரம் பேரா வாசிக்கிறாரு, பின்னாடி பீப் பீப்னு தந்தி மாதிரி சத்தம், அதுக்குள்ள சிட் பாரெட் கிட்டார் வந்து விழுது. இன்டர்ஸ்டெல்லார் ஓவர்டிரைவ் கிட்டத்தட்ட பத்து நிமிஷம், கீழ இறங்கி வர்ற ஒரு ரிஃப்ல (திரும்பத் திரும்ப வர்ற சின்ன மெட்டு) தொடங்கி தாளமே கலைஞ்சு எங்கயோ மிதந்து கடைசில அதே ரிஃப்புக்குத் திரும்பி வரும். பாரெட் ஸிப்போ லைட்டர வச்சு கம்பி மேல இழுப்பாரு, அந்தச் சத்தம் பின்சன் எக்கோரெக்குக்குள்ள போகும். அது இத்தாலிக்காரன் எதிரொலி மெஷின், உள்ள காந்த டிரம் ஒண்ணு சுத்திக்கிட்டே இருக்கும், சுத்திலும் இருக்குற ஹெட் ஒவ்வொண்ணும் அதே சத்தத்த கொஞ்சம் கொஞ்சம் தள்ளித் தள்ளித் திருப்பிக் குடுக்கும். அந்த வெட்டவெளி ஃபீலிங் அங்கதான் பொறந்துச்சு. லண்டன் யூஎஃப்ஓ கிளப்ல இதத்தான் வாசிச்சாங்க, அப்போ ஹாக்விண்ட்னு ஒரு பேண்டே கிடையாது.

ரெக்கார்ட்பெட்டி:
பொறந்துச்சு சரி, வளர்த்தது யாரு? 68ல பாரெட் வெளிய போயிட்டாரு, 73ல டார்க் சைட் ஆல்பம் வரும்போது அவங்க பேசுறது காசு, நேரம், பைத்தியம். அதே 73ல ஹாக்விண்டோட ஸ்பேஸ் ரிச்சுவல் ஆல்பம் வருது, லிவர்பூல்லயும் பிரிக்ஸ்டன்லயும் 72 டிசம்பர்ல லைவ்வா பிடிச்சது. அதுல பேஸ் கிட்டார் மட்டும் தனியா கவனிச்சுக் கேளுங்க. அத வாசிக்கிற லெம்மி ஹாக்விண்டுக்கு வர்றதுக்கு முன்னாடி பேஸே வாசிச்சதில்ல, ரிதம் கிட்டார் ஆளு, அதனால கார்டு கார்டா (பல சுரம் ஒண்ணா) போட்டு இடிப்பாரு. அதுக்கு மேல பேண்ட்ல இருந்த டிக் மிக், மின்சார சத்தம் எழுப்புற ஆடியோ ஜெனரேட்டர வச்சு ஊளையிட வைப்பாரு. ஒரே ரிஃப், நிறுத்தவே மாட்டாங்க, ஒரு கட்டத்துக்கு மேல நம்ம மூச்சே அந்த வேகத்துக்குப் போயிடும். ஃப்ளாய்ட்ல மிதப்போம், இங்க எஞ்சினுக்குள்ளயே உக்காந்திருப்போம்.

மாடிஸ்டுடியோ:
ரெண்டு பேரும் ஜோ மீக்ங்கிற ரெக்கார்ட் தயாரிப்பாளர விட்டுட்டீங்களே. லண்டன் ஹாலோவே ரோட்ல தோல் சாமான் கடைக்கு மேல இருந்த வாடகை வீடுதான் அவரு ஸ்டுடியோ. 1960லயே ஐ ஹியர் எ நியூ வேர்ல்ட்னு நிலாவப் பத்தி ஒரு ஆல்பமே பண்ணாரு, தண்ணிக்குள்ள ஸ்ட்ரா வச்சு ஊதின குமிழிச் சத்தம்கூட அதுல இருக்கு. அப்போ ஒரு பகுதிதான் வெளிவந்துச்சு, முழுசா வந்தது 1991ல. 62 ஜூலைல டெல்ஸ்டார் சாட்டிலைட் மேல போச்சு, சில வாரத்துலயே டெல்ஸ்டார்னே ஒரு பாட்டு, மீக் தயாரிச்சு டொர்னாடோஸ் பேண்ட் வாசிச்சது, இங்கிலாந்து அமெரிக்கா ரெண்டுலயும் நம்பர் ஒன். கிளாவியோலின்ங்கிற மின்சார கீபோர்டோட மெலடி இன்னைக்குக் கேட்டாலும் சிலிர்க்குது. மனுஷன் 67 பிப்ரவரில செத்துட்டாரு, ஃப்ளாய்ட் ஆல்பம் வந்தது அந்த ஆகஸ்ட்ல. எனக்கு ரொம்ப வருத்தமான விஷயம் இது.

சிட்ரசிகன்:
மீக் மேல எனக்கும் மரியாதை உண்டுங்க, ஆனா டெல்ஸ்டார் மூணேகால் நிமிஷ பாப் பாட்டு. சாட்டிலைட் பேரு வச்சா ஸ்பேஸ் ராக் ஆயிடாது.

மாடிஸ்டுடியோ:
அப்போ பேர வச்சு முடிவு பண்ணக்கூடாதுன்னு நீங்களே ஒத்துக்கிறீங்க. அப்படின்னா 72ல இங்கிலாந்துல மூணாவது இடம் வரைக்கும் போன ஹாக்விண்டோட சில்வர் மெஷின் பாட்ட எடுத்துக்கோங்க. எல்லாரும் ராக்கெட்னு நெனச்சாங்க, எழுதின ராபர்ட் கால்வர்ட் அது தன்னோட வெள்ளி கலர் சைக்கிளப் பத்தினதுன்னு சொல்லிட்டாரு. சைக்கிள் பாட்டு ஸ்பேஸ் ராக் ஆகுதுன்னா அத ஆக்குறது சத்தம்தானே, சத்தத்த அப்படி ஸ்டுடியோல வளைக்கலாம்னு காட்டினது மீக்தானே.

ரெக்கார்ட்பெட்டி:
இது நல்ல பாயிண்ட், எனக்கே இது தோணல. இன்னொண்ணும் சேர்த்துக்கலாம், ஜெர்மனில டேஞ்சரின் ட்ரீம் பேண்ட் 71ல ஆல்ஃபா சென்டாரி ஆல்பம் போட்டாங்க, அங்க ஆமோன் டூல் 2 பேண்ட்ல இருந்த டேவ் ஆண்டர்சன்தான் லெம்மிக்கு முன்னாடி ஹாக்விண்ட் பேஸ். 82ல இங்கிலாந்து ரக்பி ஊர்ல ஸ்பேஸ்மென் 3 பேண்ட் வந்தப்போ ராக்கெட்டும் இல்ல கிரகமும் இல்ல, ஒரே கார்ட இழுத்துக்கிட்டே இருப்பாங்க. அந்தப் பிடிவாதம் ஹாக்விண்ட்கிட்ட இருந்த அதே பிடிவாதம்.

சிட்ரசிகன்:
பிடிவாதத்த ஹாக்விண்டுக்குக் குடுத்துடறேன், சத்தத்த வளைச்சத மீக்குக்கும் குடுத்துடறேன். ஆனா மேடையில தாளத்த விட்டுட்டு பத்து நிமிஷம் எங்க போறோம்னு தெரியாமலே போகலாம்னு முதல்ல துணிஞ்சது அந்த யூஎஃப்ஓ கிளப் பசங்க, அத மட்டும் விட்டுத்தர மாட்டேன். இன்னைக்கு ராத்திரி ஸ்பேஸ் ரிச்சுவல் ஹெட்ஃபோன்ல போடப்போறேன், பேஸ மட்டும் கேட்டுட்டு வந்து எழுதறேன்.