குவாதலூப்பே பள்ளத்தாக்கு, காசா மகோனி: சென்று வந்தவர்கள் வழிகாட்டுங்கள்

அனைவருக்கும் வணக்கம். மெக்சிகோவின் பாஹா கலிபோர்னியாவில், என்செனாடா நகருக்கு வடகிழக்கே உள்ள குவாதலூப்பே பள்ளத்தாக்குக்கு, திராட்சை அறுவடை நடக்கும் ஆகஸ்டில் நானும் என் கணவரும் செல்லவிருக்கிறோம்.

இத்தாலியில் பிறந்து, 1960களில் மெக்சிகோவுக்கு வந்து, எல்.ஏ. செட்டோ நிறுவனத்தில் ஏறத்தாழ அரை நூற்றாண்டு வைன் தயாரித்த கமிலோ மகோனி, பிறர் ஓய்வை நாடும் வயதில் காசா மகோனி என்ற பெயரில் சொந்தமாக வைன் ஆலை தொடங்கியதை அண்மையில்தான் அறிந்தேன். குளிர்காலத்தில் மட்டும் சிறிது மழை பெய்கிற, நிலத்தடி நீரும் உப்பேறி வருகிற அந்த வறண்ட மண்ணுக்கு எந்தக் கொடி ஒத்துவரும் என்று அறிய, நூற்றுக்கும் மேற்பட்ட திராட்சை வகைகளை அவர் நட்டு வளர்த்திருக்கிறார். ஆடம்பர விடுதிகளைவிட எனக்கு அந்தத் தோட்டமே முக்கியம்.

அங்கே சென்றவர்கள் யாரேனும் இருந்தால், முன்பதிவு அவசியமா, சுவைத்துப் பார்ப்பதோடு கொடிகளையும் காட்டுவார்களா, ஸ்பானிய மொழி அறியாமல் சமாளிக்க முடியுமா என்று தெரிவியுங்கள். அருந்திவிட்டு வண்டி ஓட்டுவதாக இல்லை. ஆகவே என்செனாடாவிலிருந்து ஓட்டுநருடன் கார் அமர்த்த நியாயமான வாடகை எவ்வளவு என்பதையும் சொன்னால் பேருதவியாக இருக்கும்.