புதுப்பிப்பு: கழற்றி மாட்டும் மரக்கிளை ஊஞ்சல்

முந்தைய பதிவில், ஊஞ்சல் கயிற்றைக் கிளைமேல் போட்டு மறுமுனையை அடிமரத்தில் கட்டச் சொல்லியிருந்தேன். அது வேண்டாம். கிளைக்கு ஏறத்தாழ இரட்டிப்புச் சுமை. ஆட ஆடப் பட்டையும் அறுபடும், கயிறும் தேயும்.

சுருக்குதான் மேல். 300 கிராம் மணல் பையை மெல்லிய கயிற்றில் கட்டிக் கிளைக்கு மேலாக வீசி, அதைக்கொண்டு 12 மி.மீ. பாலியெஸ்டர் கயிற்றை ஏற்றுங்கள். நீளம் கிளை உயரத்தைப்போல் இருமடங்குக்கு மேல். ஒரு முனையில் இறுகாத கண்ணி போட்டு, மறுமுனையை அதில் நுழைத்து இழுத்தால் கண்ணி மேலேறிக் கிளையைக் கவ்வும்.

ஏற்றுமுன் கண்ணியில் தரைவரை எட்டும் மெல்லிய கயிறு கட்டுங்கள் (பலரும் மறப்பது இதைத்தான்). ஊஞ்சல் பலகையை அவிழ்த்துவிட்டு இந்த மெல்லிய கயிற்றை இழுத்தால் எல்லாம் இறங்கிவிடும். ஆடும் நேரத்தில் தொங்கவிடாதீர்கள், கழுத்தில் சிக்கும், அடிமரத்தில் சுற்றிவையுங்கள்.