புதுப்பிப்பு: உபுண்டுவில் பயனர் பெயரும் ஹோம் ஃபோல்டரும் மாற்றியாயிற்று

பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. உபுண்டுவை (லினக்ஸ் இயங்குதளம்) மறுபடி நிறுவிய அவசரத்தில் பயனர் பெயரில் ஓர் எழுத்தை விட்டுவிட்டேன்; அதையும், அதே பெயரில் அமைந்த ஹோம் ஃபோல்டரையும் (என் கோப்புகள் இருக்கும் இடம்) எப்படித் திருத்துவது என்றுதான் கேட்டிருந்தேன்.

தற்காலிகமாக இன்னொரு நிர்வாகிக் கணக்கு தொடங்கும் யோசனைதான் கைகொடுத்தது. என் கணக்கிலிருந்தே யூசர்மாட் (பயனர் கணக்கை மாற்றும் கட்டளை) ஓட்டியபோது, பயனர் பயன்பாட்டில் இருப்பதாகச் சொல்லி மறுத்துவிட்டது. சரி என்று மறுதொடக்கம் செய்து, புதுக் கணக்கில் மட்டும் நுழைந்தேன். அங்கிருந்து யூசர்மாட்டை ஓட்ட, அதன் 'மைனஸ் எல்' (-l) தெரிவு பெயரை மாற்றியது. அப்புறம் 'மைனஸ் டி'யோடு (-d) 'மைனஸ் எம்' (-m) கொடுத்ததும் ஃபோல்டரும் நகர்ந்தது. என் பெயரிலேயே இருக்கும் பயனர் குழுவின் பெயர் தானாக மாறாது, அதற்கு குரூப்மாட் கட்டளை தனியாக வேண்டும். கோப்பு யாருடையது என்பதைக் கணினி பெயரால் அல்ல, பயனர் எண்ணால்தான் அறியும்; அது அதே 1000 என்பதால் கோப்பு உரிமையில் சிக்கலில்லை.

எதிர்பாராதது: பைத்தான் வென்வ் (திட்டத்துக்குத் தனியாக அமைக்கும் பைத்தான் சூழல்) எல்லாம் படுத்துவிட்டன. உள்ளே பழைய ஃபோல்டர் பாதை அப்படியே எழுதியிருக்கிறது! அழித்துப் புதிதாக உருவாக்கினேன். தற்காலிகக் கணக்கு இன்னும் ஒரு வாரம் இருக்கட்டும்.