விளையாட்டுக் குடும்பத்துப் பிள்ளைதான் முன்னுக்கு வருமா? மகளைப் பெங்களூருக்கு அனுப்பலாமா?

உச்சிப்புளி வாலிபால்

வணக்கம். வீட்டில் ஒரு முடிவுக்கு வர முடியவில்லை, அதனால் இங்கே எழுதுகிறேன்.

என் மகளுக்குப் பத்து வயது. நான் கல்லூரியில் வாலிபால் ஆடியவன். மனைவி பள்ளி நாட்களில் பூப்பந்து ஆடியவர். மஞ்சள் கம்பளிப் பந்தில் அணிக்கு ஐந்து பேர் இறங்குவார்களே, அது. மகள் இரண்டையும் விட்டுவிட்டு இறகுப்பந்து (பேட்மிண்டன்) மட்டையைப் பிடித்துக்கொண்டாள். போன மாதம் ஒரு போட்டியில் பதின்மூன்று வயதுப் பிள்ளையை இரண்டே செட்டில் ஜெயித்தாள். அன்றிலிருந்து பார்க்கிறவர்கள் எல்லாம், "விளையாட்டுக் குடும்பம், ரத்தத்தில் இருக்கு. லக்‌ஷ்யா சென் மாதிரி இப்பவே பெங்களூருக்கு அனுப்பிடு" என்கிறார்கள்.

லக்‌ஷ்யா சென் என்கிற இறகுப்பந்து வீரர் எப்படி வந்தார் என்று தேடிப் படித்தேன். 2001இல் உத்தராகண்டின் மலையூரான அல்மோராவில் பிறந்தவர். தாத்தா ஆடியவர், அப்பா டி.கே. சென் பயிற்சியாளர், அண்ணன் சிராக் 2023இல் தேசிய சாம்பியன். பத்து வயது வாக்கில் பெங்களூரில் பிரகாஷ் படுகோன் அகாடமிக்குப் போனார், சரி. ஆனால் பின்னால் அவர் அப்பாவும் அல்மோராவை விட்டு அங்கேயே போய்ச் சேர்ந்தார். அதை யாரும் சொல்வதில்லை.

ரத்தத்தில் ஒன்றும் இல்லை என்பது என் கட்சி. பக்கத்தில் நிற்கிற பெரியவர் ஒருவர் வேண்டும், அவ்வளவுதான். எனக்கு இங்கே கடை இருக்கிறது, பெங்களூருக்கு என்னால் பெயர முடியாது. பதின்மூன்று வயது வரைக்கும் அவள் என்னோடு இருக்கட்டும் என்கிறேன். என்ன நினைக்கிறீர்கள்?

ராம்நாடு ஷட்டில் அக்கா

அண்ணே, நான் பிள்ளைகளுக்கு ஆட்டம் சொல்லிக்கொடுக்கிறவள். உங்களைக் கஷ்டப்படுத்த எழுதவில்லை, ஆனால் நீங்கள் நினைப்பது தப்பு.

பாப்பா எதில் ஆடுகிறாள்? வீட்டு வாசல் சிமெண்டுத் தரையிலா? நைலான் காக்கிலா, அதாவது நைலான் பந்திலா? அப்படியென்றால் அவள் இன்னும் இறகுப்பந்து ஆடவே ஆரம்பிக்கவில்லை. இறகு காக் ஐந்து கிராம் எடைதான். பதினாறு இறகு, அடியில் தக்கை. அடித்த வேகத்தில் சீறிப் போய்ச் சட்டென்று வேகம் குறைந்து செங்குத்தாக விழும். நைலான் காக் அப்படி விழாது. அதில் மூன்று வருஷம் பழகினால் கையின் நேரக்கணக்கே வேறாகிவிடும், திருத்துவது பெரும்பாடு.

நம் ஊர்க் காற்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஆடி மாதம் கச்சான் காற்று அடிக்கும்போது திறந்த வெளியில் ஒரு டாஸ், அதாவது உயரமாக ஒரு அடி, தூக்கிப் பாருங்கள், பக்கத்து வீட்டுக் கூரையில் போய் எடுக்கணும். விடியற்காலையில் ஒரு மணி நேரம் காற்று அடங்கியிருக்கும், அதுவும் எல்லா நாளும் இல்லை. காற்றுக்குப் பயந்து பிள்ளைகள் எல்லாவற்றையும் தாழ்வாகவே அடித்துப் பழகிவிடுகிறார்கள். பின்கோட்டிலிருந்து பின்கோட்டுக்கு உயர்த்தி அடிக்க என்னிடம் வருகிற பிள்ளைகளில் பாதிக்கு மேல் பயப்படும்.

நான் பதினான்கு வயதில்தான் பேருந்து ஏறி மதுரைக்குப் பயிற்சிக்குப் போக ஆரம்பித்தேன். போக நூற்றுப் பத்துக் கிலோமீட்டருக்கு மேல், வரவும் அதே. கால் நகர்த்தும் முறையை அந்த வயதில் உடம்பு ஏற்கவில்லை. சிமெண்டுத் தரையில் குதித்துக் குதித்து முட்டியும் போய்விட்டது. எனக்கு நேர்ந்தது பாப்பாவுக்கு நேரக் கூடாது. இப்போதே அனுப்புங்கள்.

கீழக்கரை காக்கா

தங்கச்சி சொல்வதில் தரை விஷயம் உண்மை. ஆனால் அல்மோராவை விட்டுவிட்டு, நம்மைப் போலவே கடல் பக்கம் இருக்கிற ஒரு ஊரைப் பார்ப்போமே.

இறகுப்பந்து இரட்டையர் ஆடுகிற சாத்விக்சாய்ராஜ் ரங்கிரெட்டி ஆந்திராவில் அமலாபுரத்துப் பையன். கோதாவரி கடலில் சேர்கிற கோனசீமா வட்டாரம், தென்னந்தோப்பு ஊர். அப்பா பள்ளிக்கூடத்துப் பி.டி. வாத்தியார், தானும் மாநில அளவில் ஆடியவர். சாத்விக் ஹைதராபாத்தில் கோபிசந்த் அகாடமிக்குப் போனது 2014இல், பதின்மூன்று பதினான்கு வயதில். அதுவரை அப்பாதான், ஊர்தான். அந்தப் பையன் சிராக் ஷெட்டியோடு சேர்ந்து 2023 ஆசிய விளையாட்டில் இரட்டையர் தங்கம் வாங்கினார், அதே வருஷம் உலகத் தரவரிசையில் முதலிடத்துக்கும் வந்தார்.

ஆகவே அண்ணன் சொல்கிற பதின்மூன்று வயது ஒன்றும் பைத்தியக்காரத்தனம் இல்லை.

பாம்பன் தம்பி

எல்லோரும் பெரியவர்கள், கோபப்படாமல் படியுங்கள்.

சாத்விக்கின் அப்பா பி.டி. வாத்தியார். லக்‌ஷ்யாவின் அப்பா கோச். சாய்னாவின் அப்பா அம்மா இருவரும் ஹரியானாவில் பேட்மிண்டன் ஆடியவர்கள். சிந்துவின் அப்பா அம்மா இருவரும் வாலிபால். அந்த அப்பா ரமணா 1986 சியோல் ஆசிய விளையாட்டில் வெண்கலம் வாங்கிய வாலிபால் அணியில் இருந்தவர். இந்தப் பட்டியலைப் படிக்கும்போது எனக்கு ஒன்றுதான் தோன்றுகிறது. எங்களுக்குக் கதவு சாத்தியிருக்கிறது.

எங்கள் அப்பா விசைப்படகில் போகிறவர். இன்று காலையில் போனால் நாளைக் காலையில்தான் கரை. வந்தால் மீனை இறக்கணும், வலையைப் பார்க்கணும், அப்புறம் தூக்கம். நான் மாவட்டப் போட்டியில் ஆடியதை அவர் ஒருநாளும் பார்த்ததில்லை. அவர்மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம், அந்த 61 நாள்தான் அவர் எங்களுக்கு முழுசாகக் கிடைப்பார். அப்போது கையில் காசு இருக்காது.

வாலிபால் அண்ணே, "ரத்தம் இல்லை, பக்கத்தில் நிற்கிற ஆள்" என்று எழுதினீர்கள். நிற்க நேரம் இருக்கிற ஆளைத்தானே சொல்கிறீர்கள்? ரத்தம் என்று சொன்னாலும் நேரம் என்று சொன்னாலும் எங்கள் வீட்டில் இரண்டும் இல்லை.

உச்சிப்புளி வாலிபால்

தம்பி, மனசுக்குக் கஷ்டமாக இருக்கிறது. ஆனால் காஞ்சிபுரத்துத் துளசிமதி முருகேசனைப் பாருங்கள். 2024 பாரிஸ் பாராலிம்பிக் இறகுப்பந்தில் வெள்ளி. அவர் அப்பா கூலி வேலை செய்தவர். அவர்தான் மகளுக்கு ஆட்டம் சொல்லிக்கொடுத்தார். வசதி இல்லாவிட்டாலும் நடக்கிறதே.

பாம்பன் தம்பி

நடந்தது அண்ணே, அந்த அப்பாவைக் கையெடுத்துக் கும்பிடுகிறேன். ஆனால் அவர் சாயங்காலம் வீட்டுக்கு வந்தார். எங்கள் அப்பா அந்நேரம் கடலில் இருப்பார்.

ராம்நாடு ஷட்டில் அக்கா

தம்பி சொன்னது என்னைத் தூங்கவிடவில்லை. இரவு முழுக்க யோசித்ததில் ஒன்று தெளிவானது.

லக்‌ஷ்யாவுக்குக் குடும்பம் கொடுத்ததில் பெரிய பொருள் அப்பாவின் பயிற்சி என்றுதான் நினைத்திருந்தேன். இப்போது அப்படித் தோன்றவில்லை. மூன்று வயது மூத்த அண்ணன் ஒருவன் வீட்டிலேயே இருந்தானே, அதுதான். தினமும் தன்னைவிட நன்றாக ஆடுகிற ஒருவனிடம் தோற்றுத் தோற்று வளர்கிற பிள்ளைக்கு வேறு எதுவும் ஈடாகாது. அகாடமியில் கிடைப்பதும் அதுதான். கோச் எல்லா ஊரிலும் ஒருவர் கிடைப்பார், எதிரே நிற்க இருபது பிள்ளைகள் கிடைக்கமாட்டார்கள்.

நாடுகளின் ஆண்கள் அணிகள் மோதுகிற தாமஸ் கோப்பையில், 2022 இறுதியில் லக்‌ஷ்யா முதல் ஆட்டத்தில் இறங்கி இந்தோனேசியாவின் ஜிண்டிங்கிடம் முதல் செட்டை 8-21 என்று விட்டார். அப்புறம் 21-17, 21-16. இந்தோனேசியாவை இந்தியா 3-0 என்று ஜெயித்ததற்கு அங்கேதான் தொடக்கம். அவ்வளவு மோசமாக ஒரு செட்டை விட்டபிறகும் தலை கலங்காமல் ஆட, சின்ன வயதிலேயே நிறையத் தோற்றிருக்க வேண்டும்.

வாலிபால் அண்ணே, பாப்பா தன்னைவிட மூத்த பிள்ளையையே ஜெயிக்கிறாள் என்று சந்தோஷப்படுகிறீர்கள். எனக்கு அதுதான் பயம். இங்கே அவள் யாரிடம் தோற்பாள்?

கீழக்கரை காக்கா

லக்‌ஷ்யா கைக்கு வந்ததை விட்டதையும் சொல்லணும். 2024 பாரிஸில் ஒலிம்பிக் இறகுப்பந்து அரையிறுதிக்கு வந்த முதல் இந்திய ஆண் வீரர் அவர்தான். அங்கே டென்மார்க்கின் அக்செல்சனிடம் முதல் செட்டில் 20-17, இரண்டாவதில் 7-0 என்று முன்னால் நின்றும் தோற்றார். வெண்கல ஆட்டத்திலும் முதல் செட்டை எடுத்துவிட்டு மலேசியாவின் லீ ஜீ ஜியாவிடம் விட்டார். அன்று இரவு எனக்கும் தூக்கம் இல்லை.

எதிராளி வேண்டும் என்கிறீர்கள், சரி. கரையோரம் கட்டியிருக்கிற புயல் பாதுகாப்புக் கட்டடங்கள் வருஷத்தில் முக்கால்வாசி நாள் பூட்டித்தானே கிடக்கின்றன? அதற்குள்ளே வலை கட்டினால் காற்றுப் பிரச்சினையும் தீரும், நாலு ஊர்ப் பிள்ளைகளும் சேருவார்கள்.

ராம்நாடு ஷட்டில் அக்கா

காக்கா, நானும் போய் அளந்து பார்த்தேன். உயரம் பத்தாது. முறையான ஆடுகளத்துக்கு மேலே ஒன்பது மீட்டராவது வெற்றிடம் வேண்டும். அந்தக் கட்டடத்தில் டாஸ் அடித்தால் காக் கூரையில் முட்டும். தாழ்வாக அடிக்கிற பழக்கம் இன்னும் கெட்டிப்படும். நீளம் 13.4 மீட்டர், அதற்குப் பின்னாலும் கால் வைக்க இடம் வேண்டும். உயரமான கல்யாண மண்டபம் ஒன்று கிடைத்தால் பேசலாம். முகூர்த்தம் இல்லாத நாட்களில் சும்மாதான் கிடக்கும்.

கீழக்கரை காக்கா

மண்டபத்துக்கு நான் பொறுப்பு. எங்கள் பக்கம் ஒன்று இருக்கிறது, இரண்டு மாடி உயரம், உரிமையாளர் எனக்குச் சொந்தக்காரர். ஆனால் தரை வழவழப்பான கிரானைட்.

ராம்நாடு ஷட்டில் அக்கா

கிரானைட்டில் வேண்டவே வேண்டாம், கால் வழுக்கும். ஆடுகள ரப்பர் விரிப்பு ஒன்று போட்டால்தான் ஆடலாம், அதற்கு நாம் பணம் சேர்க்கணும். இறகு காக்கும் பன்னிரண்டு கொண்ட ஒரு டியூப் ஆயிரத்துக்கு மேல் போகிறது. நன்றாக ஆடுகிற நாலு பிள்ளைகள் ஒரு நாளில் அதைத் தீர்த்துவிடுவார்கள். இதையெல்லாம் பார்த்துத்தான் அனுப்பிவிடுங்கள் என்றேன். இன்னும் அந்த எண்ணத்தில்தான் இருக்கிறேன்.

உச்சிப்புளி வாலிபால்

அக்கா, "யாரிடம் தோற்பாள்" என்று கேட்டீர்களே, அதற்கு என்னிடம் பதில் இல்லை. மனைவியிடம் படித்துக் காட்டினேன். அவளும் பேசவில்லை.

ஆனால் பத்து வயதில் விடுதியில் தனியாக விட எனக்கு மனசு வரவில்லை, அதையும் மறைக்காமல் சொல்கிறேன். சிந்து சின்ன வயதில் தினமும் 56 கிலோமீட்டர் போய்வந்து பழகினார், ஆனால் ராத்திரி தன் வீட்டில் தூங்கினார். ஒரு வருஷம் கொடுங்கள். கீழக்கரை மண்டபம் தயாரானால் வாரம் மூன்று நாள் நானே வண்டியில் கொண்டுவந்து விடுகிறேன். விரிப்புக்கு என் பங்கு முதல் பங்கு. ஒரு வருஷத்தில் நீங்கள் பார்த்துவிட்டு இவள் இங்கே வீணாகிறாள் என்று சொன்னால், கடையை என் தம்பியிடம் விட்டுவிட்டு நானும் கூடவே கிளம்புகிறேன்.

ராம்நாடு ஷட்டில் அக்கா

ஒரு வருஷம் அதிகம் அண்ணே. ஆறு மாதம். சம்மதமென்றால் நான் வருகிறேன், எனக்குச் சம்பளம் வேண்டாம்.

பாம்பன் தம்பி, உன் வயது என்ன? மாவட்டத்தில் எந்தப் பிரிவில் ஆடினாய்?

பாம்பன் தம்பி

பதினாறு முடிந்தது அக்கா. பதினேழு வயதுக்குட்பட்டோர் பிரிவில் காலிறுதி வரைக்கும் வந்தேன். எனக்கு இனிமேல் பெரிசாக வராது என்று தெரியும்.

தங்கச்சி ஒருத்தி இருக்கிறாள், பதினொன்று. என்னோடுதான் ஆடுவாள், என்னைப் பத்துப் புள்ளி எடுக்கவிடாமல் ஓடவிடுவாள்.

உச்சிப்புளி வாலிபால்

தம்பி, பாம்பனிலிருந்து வருகிற வழியில்தானே உச்சிப்புளி. பேருந்தில் இங்கே வந்து இறங்குங்கள், என் வண்டியில் நாலு பேர் உட்காரலாம். தங்கச்சியையும் கூட்டிக்கொண்டு வா.