கண்ணுக்குள் போடும் ஊசி: அப்பாவுக்குச் சம்மதிக்கலாமா?

கேள்வி

வணக்கம். என் அப்பாவுக்கு வயது 71. படிக்கும்போது வரிகள் நடுவில் வளைந்து தெரிவதாக இரண்டு மாதங்களாகச் சொல்லி வந்தார். விழித்திரையின் அடுக்குகளைக் காட்டும் ஓசிடி ஸ்கேன் எடுத்துப் பார்த்த மருத்துவர், வலது கண்ணில் முதுமையால் வரும் ஈர வகை மாகுலா சிதைவு (விழித்திரையின் நடுப்பகுதியான மாகுலாவில் இரத்தக் குழாய்கள் கசிந்து பார்வையைக் கெடுக்கும் நோய்) இருப்பதாகவும், மாதத்துக்கு ஒன்றாக முதலில் மூன்று ஊசிகள் போட்டுவிட்டு, அதன்பின் நிலைமையைப் பார்த்துத் தொடர வேண்டும் என்றும் கூறினார். அப்பாவோ, "கண்ணுக்குள்ளேயே ஊசியா? இருக்கிற பார்வையும் போய்விட்டால் என்ன செய்வது?" என்று மறுக்கிறார். நான்கு ஆண்டுகளுக்கு முன் அவருக்கு இதயத்தில் ஸ்டென்ட் வைத்திருப்பதால் எனக்கும் தயக்கம் இருக்கிறது. இந்த ஊசியின் பலனையும் ஆபத்தையும் அறிந்தவர்கள் விளக்கினால், அவரிடம் எடுத்துச் சொல்ல உதவியாக இருக்கும்.

பதில் 1

விழித்திரைப் பிரிவில் செவிலியராகப் பணிபுரிகிறேன். உங்கள் அப்பா கேட்ட அதே கேள்வியை ஊசி அறையின் வாசலில் அடிக்கடி கேட்கிறேன்; அந்த அச்சம் இயல்பானது. பலரும் ஊசி கண்ணின் கருமணியில் நேராக இறங்கும் என்று நினைத்துக்கொள்கிறார்கள். உண்மையில் அது கருவிழியின் விளிம்பிலிருந்து 3.5 முதல் 4 மில்லிமீட்டர் தள்ளி, வெள்ளைப் பகுதியின் வழியாகச் செல்கிறது. லென்ஸும் விழித்திரையும் படாத இடம் என்பதால்தான் அதைத் தேர்ந்தெடுக்கிறார்கள். முதலில் சொட்டு மருந்தால் கண்ணை மரத்துப்போகச் செய்து, போவிடோன் அயோடினால் சுத்தம் செய்து, இமைகள் மூடாதபடி சிறு கருவி ஒன்றைப் பொருத்துகிறோம். அதன்பின் முடியைப் போன்ற மெல்லிய ஊசியால் 0.05 மில்லி மருந்தைச் செலுத்துவதற்குச் சில விநாடிகளே ஆகும். ஊசியைவிட, பிறகு சில மணி நேரம் அயோடினால் ஏற்படும் உறுத்தலே தொந்தரவாக இருந்தது என்று சொல்பவர்கள்தான் அதிகம்.

நாங்கள் பெரிதும் அஞ்சுவது கண்ணுக்குள் ஏற்படும் கிருமித் தொற்றைத்தான். ஏறத்தாழ 2000 முதல் 3000 ஊசிகளுக்கு ஒன்று என்ற அளவில் அது வருகிறது. அரிதானதுதான், ஆனால் வந்துவிட்டால் பார்வையையே பறிக்கக்கூடியது. ஒவ்வொரு ஊசிக்கும் அந்தச் சிறு ஆபத்து புதிதாக உண்டு என்பதையும் மறைக்க விரும்பவில்லை. ஆகவே ஊசி போட்ட முதல் வாரத்தில் வலி குறையாமல் கூடிக்கொண்டே போனாலோ, பார்வை மங்கினாலோ, வெளிச்சத்தைப் பார்க்கவே கூசினாலோ, விடியட்டும் என்று காத்திருக்காமல் உடனே மருத்துவமனைக்கு வர வேண்டும். வெள்ளைவிழியில் இரத்தச் சிவப்பாகத் திட்டு தெரிவதும், ஓரிரு நாள் சிறு குமிழிகள் மிதப்பதும் தாமாகவே மறைந்துவிடும்.

பலனைப் பொறுத்தவரை, 2006-இல் வெளியான மரீனா ஆய்வை அப்பாவிடம் சொல்லுங்கள். மாதந்தோறும் ரானிபிசுமாப் என்ற இவ்வகை ஊசி மருந்தைப் போட்டுக்கொண்டவர்களில் நூற்றுக்குச் சுமார் 95 பேர் ஓராண்டில் பார்வைப் பலகையில் மூன்று வரிகளை இழக்காமல் தப்பினார்கள். மருந்து பெறாதவர்களில் அப்படித் தப்பியவர்கள் 62 பேர்தான். மருந்து பெற்றவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்குப் பார்வை மூன்று வரிகளோ அதற்கு மேலோ கூடியது. சும்மா விட்டுவிடுவது பாதுகாப்பான வழி அல்ல என்பதை இந்த எண்களே காட்டுகின்றன.

பதில் 2

எனக்கு நீரிழிவால் மாகுலாவில் வீக்கம் வந்து இதே ஊசிகள் போட்டார்கள். மூன்றாவது ஊசிக்குப் பிறகு எழுத்துகள் தெளிந்துவிட்டதால், குணமாகிவிட்டது என்று நானாகவே முடிவு செய்து நான்கு மாதங்கள் போகாமல் இருந்துவிட்டேன். அதற்குள் நீர் மறுபடியும் தேங்கிவிட்டது. மீண்டும் தொடங்கியபோது ஓரளவு பார்வை திரும்பியது, ஆனால் முன்பிருந்த தெளிவு இன்றுவரை வரவில்லை. இந்த மருந்து கசிவை அடக்கி வைக்கிறதே தவிர, அதன் மூலத்தை ஒரேயடியாக ஒழிப்பதில்லை என்பதை அன்று யாராவது எனக்கு அழுத்தமாகச் சொல்லியிருக்கலாம். அப்பாவைச் சம்மதிக்க வைப்பதோடு உங்கள் வேலை முடிந்துவிடாது; ஒவ்வொரு தவணைக்கும் அவரை அழைத்துச் செல்ல வீட்டில் ஒருவர் பொறுப்பேற்க வேண்டும்.

கேட்டவர்

இருவருக்கும் மிக்க நன்றி. மருத்துவர் மருந்துகள் சிலவற்றின் பெயர்களைக் கூறி, விலை குறைந்த பெவாசிசுமாபையும் தேர்ந்தெடுக்கலாம் என்றார். அது புற்றுநோய் மருந்து என்று அறிந்ததும் குழப்பமாகிவிட்டது. இதயப் பிரச்சினை பற்றியும் யாராவது சொல்ல முடியுமா?

பதில் 3

நான் விழித்திரை மருத்துவத்தில் பயிற்சி பெற்று வருகிறேன். பெவாசிசுமாப் 2004-இல் குடல் புற்றுநோய்க்காக அனுமதிக்கப்பட்டது என்பது சரிதான். புதிய இரத்தக் குழாய்களை வளரத் தூண்டும் புரதத்தைத் தடுப்பதே அதன் வேலை. விழித்திரைக்கு அடியில் முளைத்துக் கசியும் குழாய்களையும் அதே புரதம்தான் வளர்க்கிறது. 2011-இல் வெளியான கேட் ஆய்வு, ஒரே கால அளவில் போடும்போது பெவாசிசுமாபும் ரானிபிசுமாபும் பார்வையில் சமமான பலன் தந்ததைக் காட்டியது. ஆனால் பெவாசிசுமாப் பெரிய குப்பியிலிருந்து சிறு சிரிஞ்சுகளில் பிரித்து வைக்கும் மருந்து என்பதால், அந்தப் பிரிப்பு கிருமி நீக்கிய முறையான இடத்தில் நடக்கிறதா என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்; அப்படிக் கேட்பதை எந்த நல்ல மருத்துவரும் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார். அஃப்லிபர்செப்ட், ஃபாரிசிமாப் போன்ற இவ்வகையின் வேறு மருந்துகளில் சிலருக்கு ஊசிகளின் இடைவெளியை நீட்டிக்க முடிகிறது.

நான்கு ஆண்டுகளுக்கு முன் வைத்த ஸ்டென்ட் பொதுவாக இதற்குத் தடையாவதில்லை. அண்மையில் மாரடைப்போ பக்கவாதமோ வந்திருந்தால் மட்டும் மருத்துவர் தனியாக யோசிப்பார், ஆகவே முழு விவரத்தையும் சொல்லிவிடுங்கள். இரத்தம் உறையாமல் இருக்க அவர் சாப்பிடும் மாத்திரையை இந்த ஊசிக்காக நீங்களாக நிறுத்த வேண்டாம். இன்னொன்று: இடது கண்ணையும் கவனியுங்கள். கட்டக் கோடுகள் போட்ட தாள் ஒன்றைச் சுவரில் ஒட்டி, ஒரு கண்ணை மூடி மறு கண்ணால் மாறி மாறிப் பார்க்கச் சொல்லுங்கள். கோடு எங்காவது வளைந்தோ மறைந்தோ தெரிந்தால், அடுத்த தவணை வரை பொறுக்காமல் அந்த வாரமே காட்டிவிடுங்கள்.